முப்பத்தெட்டு சதவீத நெஞ்சு

ஜூன் 3, 2025, செவ்வாய்

எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர். காப்பிக்குப் பின்னால் இன்னொரு சொம்பு. பதினோரு மணிக்கு மோர். சாப்பாட்டுக்கு ரசத்தைக் குடித்தேன் என்றே சொல்ல வேண்டும். கேட்பார் இல்லை. டயாலிசிஸில் கிடந்த காலத்தில் ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு அடுத்த பெட்காரன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவன் நான். இப்போது உள்ளே போவதும் தெரியவில்லை, வெளியே போவதும் தெரியவில்லை. எங்கள் மைன்ஸில் அடித்தண்ணீரை ராப்பகலாக இறைத்தால்தான் நிலக்கரியைக் கண்ணால் பார்க்க முடியும். பம்ப் நின்றால் எல்லாம் ஏரி. எனக்குள்ளும் அப்படித்தான் ஏரி நின்றது. இப்போது புதுப் பம்ப் ஓடுகிறது.

பம்ப் ஆதிலட்சுமியுடையது. என் பெண்டாட்டி. ஜனவரியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அவளிடமிருந்து எடுத்து எனக்கு வைத்தார்கள். எனக்கு யார் கத்தி வைப்பது என்று மூன்று டாக்டர்கள் போட்டி போட்டார்கள். இசைப்பிரியா சொல்கிறாள், அதில் ஒருவர் ஸ்கூட்டரை எடுக்க வழிவிடச் சொன்னார் என்று. அவள் என் தங்கை மகள், எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கி டவுன்ஷிப் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மருந்துக்கடையில் நிற்பவளுக்கு என் ஆபரேஷன் பற்றி என்ன தெரியும்.

ரிப்போர்ட்டில் இறங்க வேண்டியது எல்லாம் இறங்கிவிட்டது. கிரியேட்டினின் ஒன்பதரையிலிருந்து ஒன்று புள்ளி இரண்டு. யூரியா இறங்கியது, பாஸ்பரஸ் இறங்கியது. ஏற வேண்டிய ஹீமோகுளோபின் ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறியது. குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

ஒன்றுதான் பாக்கி. நெஞ்சு. ஆபரேஷனுக்கு முன்னால் எக்கோ எடுத்தபோது பம்பிங் முப்பத்தெட்டு சதவீதம் என்றார்கள். ஐம்பத்தைந்துக்கு மேல் வேண்டுமாம். "இந்த ஹார்ட்டை நம்பி கிட்னி வைக்கணும், யோசிச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. நான் யோசிப்பதற்குள் ஆதிலட்சுமி, "வைங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடி எக்கோ, மறுபடி ரத்தம். ஜூலையில். நெஞ்சு தேறியிருந்தால் அவள் கொடுத்தது பிழைக்கும். தேறாவிட்டால் அதுவும் என்னோடு வீண்.

தேறியிருக்கும். என் நெஞ்சு சாதாரண நெஞ்சா.

ஜூன் 8, ஞாயிறு

மருதாசலம் வந்தார். கோயமுத்தூர்க்காரர், கன்வேயர் பெல்ட் ஆப்பரேட்டர். என்னோடு பக்கத்து பெட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்கா கிட்னி கொடுத்தார்.

உட்காரும்போதே, "ஏனுங்க கொளஞ்சி, கிரியேட்டினின் எத்தனைங்க?" என்றார்.

"ஒண்ணு."

"ஒண்ணேவா? ரிப்போர்ட்டக் காட்டுங்கொ."

"ஒண்ணு புள்ளி ரெண்டு. புள்ளிய எல்லாம் சொல்லிக்கினு இருக்க முடியுமா?"

"எனக்கு ஒண்ணரைங்க. ரெண்டு வருசமா அசையல. அக்கா வூட்டுச் சரக்கு, கோயமுத்தூர்த் தண்ணி குடிச்சு வளந்ததாச்சே."

ஆதிலட்சுமி காப்பி வைத்துவிட்டு லேசாகச் சிரித்தாள், ஒன்றும் பேசவில்லை. பரீட்சை எழுதிய பையன்கள் மார்க் கேட்டுக்கொள்வது போல நாங்கள் இரண்டு பேரும் ஹீமோகுளோபின், யூரியா, யூரிக் ஆசிட் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். யூரிக் ஆசிட்டில் அவர் ஜெயித்துவிட்டார். அதாவது அவருக்குக் குறைவு. கொழுப்பு எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் பாக்கறதில்லீங்க, கிட்னி நல்லா இருந்தாப் போதும்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

ஜூன் 13, வெள்ளி

பசி பசி பசி. ஸ்டீராய்டு மாத்திரையால் என்கிறாள் இசைப்பிரியா. கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. ரேஷன் கடையில் ஒருவர் என்னைப் புது ஆபீசர் என்று நினைத்து வழிவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பண்ருட்டியிலிருந்து மச்சான் பலாப்பழம் அனுப்பினான். டயாலிசிஸில் இருந்தபோது பலாவின் வாசனைகூட ஆகாது என்றார்கள். பொட்டாசியமாம், நெஞ்சை நிறுத்திவிடுமாம். இப்போது பொட்டாசியம் நார்மல். அளவாகத் தின்னலாம் என்றார்கள். நான் அளந்துதான் தின்றேன். அளவு கொஞ்சம் பெரிய அளவு.

ஜூன் 19, வியாழன்

மருதாசலத்துக்கு நெஞ்சுவலி. காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசி அடைப்பு.

கிட்னிக்கு ஒன்றுமில்லை. ஒன்றரையிலேயே நிற்கிறது. கிட்னி நல்லா ஓடிக்கினே இருக்கும்போதே நெஞ்சு நிக்குமா? அப்போ நான்?

இசைப்பிரியாவைக் கேட்டேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மாமா, கிட்னி கெட்டுக் கெடந்த வருஷத்துல ரத்தக்குழாய்ல எல்லாம் சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். புதுசு வெச்சதும் அது போயிடாது. டயாலிசிஸ்ல இருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா கிட்னியைக் காப்பாத்துற மாத்திரையே சர்க்கரையையும் கொழுப்பையும் ஏத்தும். அதான் ஜூலையில அதையும் பாக்கறாங்க."

"எனக்கு ஏறாது."

"நீங்க சொன்னா ரத்தம் கேக்குமா?"

திரும்பிப் பார்த்தேன். ஆதிலட்சுமி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இன்று தண்ணீர் இறங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மருதாசலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். "பாருங்க, உங்களுக்கு முன்னாடி நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். அங்க ஒண்ணும் நல்லா இல்லீங்க, வராதீங்கொ" என்றார். சிரித்தோம். வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில்தான் காரணம்.

ஜூலை 7, திங்கள்

ஆறு மாத ரத்தப் பரிசோதனை. இதுவரை எடுத்ததெல்லாம் சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம் என்ற ரகம். இன்று முதல்முறையாக ஃபாஸ்டிங். சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் அப்படித்தான் எடுக்க வேண்டுமாம்.

விரதம் இருக்க எனக்கா சொல்லித்தர வேண்டும். கொளஞ்சியப்பர் சாமி பெயரை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகக் கிருத்திகை தவறாதவன். ஒரு தடவை ஷிஃப்டில் விரதத்தோடு மண்ணை வெட்டுகிற பெரிய சக்கர மெஷினைத் தனியாளாக ஓட்டினேன். (ஓட்டியது ஆப்பரேட்டர். கிரீஸ் வைத்தது நான். கிரீஸ் இல்லாமல் அது ஓடுமா?)

விடியற்காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டேன். அரிசி, உளுந்து, உப்பு, புளி எதுவும் தொடவில்லை. கிருத்திகைக்கு எடுத்துக்கொள்வது போல ஒரு சொம்பு பால், தேன் விட்ட பலாச்சுளை, அவ்வளவுதான். மிச்சச் சுளையை ஆதிலட்சுமி டப்பாவில் போட்டுத் தந்தாள், கடலூர் தாண்டும்போது அதை முடித்தேன். காலை மாத்திரையைக்கூட ரத்தம் கொடுத்த பிறகுதான் போட்டேன், அந்தக் கட்டுப்பாடு வேறு யாருக்கு வரும்.

ரத்தம் எடுக்கிற நர்ஸ் சரிதா, "ஒண்ணும் சாப்பிடலையே மாமா?" என்றது.

"பச்சத்தண்ணி பல்லுல படலம்மா" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லி வியந்தது. "இந்த வயசுல எப்படித் தாங்குறாங்க பாருங்க."

ஜூலை 9, புதன்

டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். சர்க்கரை இருநூற்று இருபத்தெட்டு. ட்ரைகிளிசரைடு என்று ஒரு கொழுப்பு, ஐந்நூற்றுக்கு மேல். கிரியேட்டினின் மட்டும் ஒன்று புள்ளி இரண்டு.

"வெறும் வயித்துலயே இவ்வளவு இருக்கே கொளஞ்சியப்பன். புதுசா சர்க்கரை வந்திருக்கும் போலத் தெரியுது. இன்சுலின் வேண்டியிருக்கலாம். திங்கட்கிழமை வாங்க, திரும்பவும் ரத்தம் எடுப்போம், எக்கோ பார்ப்போம். எக்கோவும் சரியில்லைன்னா ஆஞ்சியோ வரைக்கும் போகணும்."

ஆஞ்சியோ என்றால் குழாய்க்குள் சாயம் விட்டுப் பார்ப்பது. அந்தச் சாயம் கிட்னிக்கு ஆகாது. அதையும் டாக்டரம்மாதான் சொன்னார். ஜாக்கிரதையாகச் செய்வோம் என்றும் சொன்னார்.

நெஞ்சைப் பார்க்கப் போய் அவள் கொடுத்ததைக் கெடுத்துவிட்டு வருவதா? கெடுக்காமல் பார்க்க வேறு வழி கிடையாதா? என்ன படிச்சிக்கினு இருக்காங்க இவங்க எல்லாம்.

ஆதிலட்சுமியிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். வீட்டிலிருந்த வெல்லத்தை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுடைய வலது பக்கத் தழும்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலிக்குதா என்று கேட்டேன். பழக்கம் என்றாள்.

ஜூலை 10, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

இதை வரிசையாக எழுத வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி சொல்லிவிடுவேன்.

சாயங்காலம் ஆதிலட்சுமி இசைப்பிரியாவிடம், "திங்கக்கெழம காலையில பால் கூட ஒரு பாக்கெட் வாங்கியாந்துடு. போன தடவ மாமாவுக்குப் பத்தல" என்றாள்.

"திங்கக்கிழமை மாமாவுக்கு ஃபாஸ்டிங் அத்தை. பால் எதுக்கு?"

"ஃபாஸ்டிங்குக்குத்தான்."

இசைப்பிரியா சீப்பைக் கீழே வைத்தாள். தலை பாதி பின்னியிருந்தது. "மாமா, போன திங்கக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பாலும் பலாச்சுளையுந்தான்" என்றாள் ஆதிலட்சுமி. "சோத்தக் கண்ணுல காட்டல. சுத்தமாத்தான் இருந்தாரு."

"எத்தனை சுளை?"

"எண்ணிக்கினா திம்பாங்க" என்றேன். "ஒரு டப்பா இருக்கும். அது பழம். விரதத்துல பழம் சேராது."

"சாமிக்குச் சேராது மாமா. ரத்தத்துல சேரும்."

 இசைப்பிரியா பாதிப் பின்னலோடு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாலு, தேனு, பலா. சர்க்கரைய ஏத்தறதுக்குன்னே ஒருத்தர் உக்காந்து யோசிச்சாலும் இவ்வளவு கரெக்டா வராது."

ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. "அப்போ சர்க்கரை இல்லியா?" என்றாள். அதையே இரண்டு முறை கேட்டாள்.

"தெரியாது அத்தை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ரிப்போர்ட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சரியா எடுத்துப் பாக்கணும்."

சரிதாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். பொட்டு ஜாஸ்தி இல்லை, குறைச்சலும் இல்லை.

"பச்சத்தண்ணி பல்லுல படலைன்னீங்களே மாமா."

"தண்ணிதாம்மா படலன்னேன். பாலப் பத்தி நீ கேக்கல."

"இருங்க, டாக்டர் மேடம்கிட்ட நீங்களே சொல்லுவீங்க. நான் பக்கத்துல நின்னு கேப்பேன்."

ஜூலை 14, திங்கள்

ஞாயிறு ராத்திரி சாப்பிட்டதோடு சரி. வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள், குடித்தேன். பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தாள். கடலூர் வரைக்கும் அந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். உண்மையான விரதம் இதுதான் என்றால் முப்பது வருஷமாக நான் இருந்ததற்குப் பெயர் விருந்து.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். சரிதா பக்கத்தில் நின்று கேட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நல்லவேளை, இன்சுலின் ஆரம்பிக்கல" என்றார். மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையும் எழுதினார். பி.என்.பி. என்று ஒன்று, நெஞ்சு திணறினால் ரத்தத்தில் ஏறுவது, அதுவும். ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு அது பதினோராயிரம் இருந்ததாம். அதில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

பிறகு எக்கோ. சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து ஜில்லென்று ஏதோ தடவினார்கள். ஒரு நிமிஷம் சத்தத்தைத் திறந்துவிட்டார்கள். சளக் சளக் என்று என் நெஞ்சு. பம்ப்ஹவுஸ் வாசலில் நின்றது போல இருந்தது. பார்க்கிற பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஒன்றும் காட்டவில்லை, அளந்துகொண்டே இருந்தான். ரொம்ப நேரம் அளந்தான். எதுக்குடா இவ்ளோ அளக்கற என்று கேட்க வாய் வரை வந்தது, மூச்சை அடக்கச் சொல்லியிருந்ததால் கேட்கவில்லை.

நாளைக்குத்தான் எல்லாம் தெரியும். தங்கிவிட்டோம். ஆதிலட்சுமி சத்திரத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து கோணலாக இருந்தால் பஸ் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நூற்று ஆறு. மூன்று மாத சராசரி ஆறு புள்ளி ஒன்று. "எல்லைக்கோட்டுல நிக்கறீங்க, தாண்டல" என்றார் டாக்டரம்மா. ட்ரைகிளிசரைடு இருநூற்றுக்குக் கொஞ்சம் மேல். கெட்ட கொழுப்பு கூடத்தான் இருக்கிறது, அதற்கு ராத்திரி ஒரு மாத்திரை. இன்சுலின் இல்லை.

பி.என்.பி. பதினோராயிரத்திலிருந்து நானூறு.

எக்கோ ரிப்போர்ட்டைக் கடைசியாகத்தான் எடுத்தார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கறுப்பும் வெளுப்புமாக ஏதோ துள்ளியது.

"ஐம்பத்தி நாலு" என்றார்.

"முப்பத்தெட்டு இல்லீங்களா?"

"அது பழசு. உடம்புல தண்ணி தேங்கி, ரத்தம் கெட்டு, பிரஷர் ஏறி, ஹார்ட் வீங்கிப்போய் இருந்தது. கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சதும் அதோட பாரம் இறங்கிடுச்சு. எல்லாருக்கும் இப்படித் தேறாது. உங்களுக்குத் தேறியிருக்கு." ஆதிலட்சுமி பக்கம் திரும்பினார். "நீங்க கொடுத்தது ஒண்ணு. அது ரெண்டைத் தூக்கிவிட்டிருக்கு."

"அந்தச் சாயம்?" என்றாள் இவள்.

"இப்போ தேவையில்லம்மா."

இவள் தலையாட்டினாள். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நாங்க சாப்பிடலாங்களா?" என்றாள். நேற்று ராத்திரி முதல் அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா சும்மா விடவில்லை. மற்ற ஆட்களைவிட எனக்கு நெஞ்சு ஆபத்து எப்போதும் கொஞ்சம் கூடத்தானாம். நடக்க வேண்டும், எடை குறைய வேண்டும், கொழுப்பு மாத்திரையை விடக் கூடாது, பலாவில் கை வைத்தால் இரண்டு சுளை. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அந்த நேரத்தில் மொட்டை அடித்துக்கொள் என்றாலும் சரி என்றிருப்பேன்.

ஐம்பத்தி நாலு. பிளாக்கில் அறுபது என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்குக்குச் சுலபம்.

ஜூலை 22, செவ்வாய்

மருதாசலமும் நானும் காலையில் நடக்கிறோம். அவர் ஸ்டென்ட் வேகம், நான் என் வேகம். கொழுப்பு எவ்வளவுங்க என்று இப்போது அவர்தான் முதலில் கேட்கிறார். அதில் நான் தோற்றேன். அவருக்கு மாத்திரை முன்னாடியே ஆரம்பித்துவிட்டார்கள், அது சேராது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அடுத்த ரெவ்யூ மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று சரிதா போன் செய்தது. இனிமேல் பாண்டிச்சேரி பஸ்ஸில் கண்டக்டருக்கு என் முகம் மறந்துபோகும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நெல்லிக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கும்பல் என்பதால் மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். பந்தியில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு என் ஆபரேஷனைக் கேட்டார்கள். சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தபோது கதை தானாக டெல்லிக்குப் போய்விட்டது. கிட்னி அங்கிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது, ஏர்போர்ட்டிலிருந்து போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுத்தது, திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைத் தூக்கியே வைத்திருந்தார்கள் என்றெல்லாம். கேட்டவர்கள் சாம்பாரை மறந்துவிட்டார்கள். ஆதிலட்சுமி எதிர் வரிசையில் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆரம்பித்தாள்.

"டெல்லிலேந்து வந்துச்சா? ஐஸ் பொட்டில வந்துச்சா? அப்போ என் வயித்தக் கிழிச்சு எத்த எடுத்தாங்க, முந்திரிக்கொட்டையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"இங்கப் பாருய்யா. ரயில்வே கேட்டத் தூக்கி வெச்சாங்களாம். ஆறு மாசம் நான் ஒருக்களிச்சுப் படுக்க முடியாம கெடந்தேன், அத எந்தப் பந்தியில சொன்ன நீ? புளுகுறதுல ஒரு நாயம் வேணாம்? ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் ஓட்டுன, சரி. மூணு டாக்டர் சண்ட போட்டாங்க, சரின்னு வுட்டேன். என் கிட்னியயும் தூக்கி டெல்லிக்காரனுக்குக் குடுப்பியா?"

பஸ்ஸே கேட்டது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பின் சீட்டுக் கிழவர் ஒருவர், "அவரு உடம்பு சரியில்லாதவரு போல இருக்கும்மா, மாஸ்க் போட்டுக்கினு இருக்காரு" என்றார்.

"அவருக்கா? ஒரு கேடும் இல்ல. நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, டாக்டரே சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

பம்பிங் முப்பத்தெட்டு என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து இவள் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அதிர்ச்சி ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். சரிங்க, வாங்க, சாப்பிடுங்க, அவ்வளவுதான். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் வாரத்துக்கு இரண்டு நாளாவது என்னை நார் நாராகக் கிழித்தவள். பண்ருட்டி வந்தது, ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இவள் நிறுத்தவில்லை. என் தங்கை கல்யாணத்தில் நான் சொன்ன பொய்யெல்லாம் வெளியே வந்தது. மாஸ்க் இருந்ததால் நான் சிரிப்பதை அவள் பார்க்கவில்லை.

வூட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். மின்விசிறியைப் போட்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை ஆரம்பித்தாள்.